சித்திரபுரம்: சாமானியருக்கும் மலையில் ஓர் அறை

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் வரிசை கட்டும். உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக ஏறும் சாலையிலும் அதே கூட்டம்தான். டெம்போ டிராவலரில் இரண்டு மூன்று குடும்பங்கள், முன் இருக்கையில் பாட்டி, காலடியில் புளியோதரைத் தூக்கு. எல்லோரும் போவது மூணாறுக்கு. சீட்டு கட்டியோ, தீபாவளி போனஸில் ஒதுக்கியோ சேர்த்த பணத்தில் இரண்டு நாள் குளிர்ச்சி. டீசல் செலவை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். சாப்பாட்டுச் செலவும் ஏறக்குறையப் பிடிபடும். அறை வாடகை மட்டும் மூணாறு டவுனுக்குள் போய் நின்ற பிறகுதான் தெரியவரும். நீண்ட வார இறுதி என்றால் காலையில் சொன்ன வாடகை சாயங்காலம் இருக்காது. பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் குளிரில் நிற்கிற குடும்பத்துக்குப் பேரம் பேசத் தெம்பு ஏது? கேட்டதைக் கொடுத்துவிட்டு உள்ளே போகிறார்கள். மறுநாள் சுற்றிப் பார்க்க வைத்திருந்த பணம் அந்த ஓர் இரவிலேயே கரைந்துவிடுகிறது.

இந்தக் கட்டுரை அவர்களுக்காக. மூணாறிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளி சித்திரபுரம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில், பள்ளிவாசல் வட்டாரத்தில், ‘ரெண்டாம் மைல்’ என்ற இடத்தில் பிரிந்து ஆனச்சால் பக்கம் இறங்கும் சாலையில் அந்த ஊர் வரும். மலை வாசஸ்தலத்தில் குறைந்த செலவில், மரியாதையாகத் தங்க முடியுமா என்று கேட்பவர்களை நான் அங்கேதான் அனுப்புகிறேன். வாடகை குறைவு என்பது மட்டும் அதற்குக் காரணம் இல்லை. வீட்டுக்காரர் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்குகிற வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிற ஊர் அது. அந்த வழக்கம் போய்விட்டால் மலை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாமல் போய்விடும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மின்சாரத்தால் பிறந்த ஊர்

மூணாறைத் தேயிலை உருவாக்கியது. சித்திரபுரத்தை உருவாக்கியது மின்சாரம். திருவிதாங்கூரின் கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் பாலராம வர்மாவின் பெயரைத் தாங்கிய ஊர் இது. அவர் ஆட்சியில், 1940 மார்ச்சில், முதிரப்புழை ஆற்றுத் தண்ணீரைக் கொண்டு பள்ளிவாசல் புனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. இன்றைய கேரளத்தின் முதல் பெரிய புனல்மின் திட்டம் அதுதான். கண்ணன்தேவன் கம்பெனி தன் தேயிலைத் தொழிற்சாலைக்காக இந்த மலையில் அதற்கு முன்பே சிறிய அளவில் மின்சாரம் எடுத்துப் பார்த்திருந்தது. ஆனால் மலைக்குக் கீழே உள்ள நாட்டுக்கு வெளிச்சம் போனது பள்ளிவாசலிலிருந்துதான். ஆலுவாவில் 1943இல் வந்த அலுமினிய ஆலை இந்த மின்சாரத்தை நம்பித்தான் வந்தது.

பழைய மூணாறில் தடுக்கப்படும் தண்ணீர் சுரங்கம் வழியாக மலைக்குள் வந்து, பென்ஸ்டாக் குழாய்களில் செங்குத்தாக இறங்குகிறது. அந்தக் குழாய்களைச் சித்திரபுரம் பக்கத்துச் சரிவுகளிலிருந்து பார்க்கலாம். பச்சை மலைமேல் கோடு இழுத்தாற்போல் இறங்கும். ஆறு இயந்திரங்கள், மொத்தம் 37.5 மெகாவாட். இன்றைய அளவுக்கு மிகச் சிறியது. அங்கே சுழன்று வெளிவரும் தண்ணீரை வீணாக்காமல் செங்குளம் நீர்த்தேக்கத்துக்கு ஏற்றி, 1954இல் அடுத்த மின்நிலையத்தையும் ஓட்டினார்கள். ஆனச்சால் பக்கம் இன்று சுற்றுலாப் பயணிகள் படகு விடுகிற செங்குளம் அதுதான்.

இந்த வேலைக்காக வந்த இன்ஜினீயர்கள், ஓவர்சியர்கள், லைன்மேன்கள் தங்குவதற்காக எழுந்த குவார்ட்டர்ஸுகள்தாம் ஊருக்குக் கரு. ஓட்டுக் கூரை போட்ட சிறு பங்களாக்கள், பழைய விளையாட்டு மைதானம், ஆட்டக் களம் என்று ஒரு காலனியின் சாயல் இன்னும் போகவில்லை. மூணாறு டவுனில் கடைத்தெருதான் ஊர். இங்கே வீடுகள்தாம் ஊர். தங்குவதற்கு இது பெரிய வித்தியாசம். காலை ஆறு மணிக்கு எழுந்து நடந்தால் பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைகளையும், பால் சொசைட்டிக்குக் கேனோடு போகிறவரையும் பார்க்கலாம்.

தமிழர்களுக்கு இந்த மலை அந்நியமும் இல்லை. தேவிகுளம் தாலுகாவின் தேயிலைக் காடுகளில் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர், திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த குடும்பங்களின் வழிவந்தவர்கள். மொழிவாரி மாநிலப் பிரிவினையின்போது தேவிகுளமும் பீர்மேடும் எந்தப் பக்கம் என்று நடந்த போராட்டத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1956இல் இந்த மலை கேரளத்தோடு போனது. பேச்சு போகவில்லை. ஆட்டோ ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் தமிழில் பேசினால் தமிழிலேயே பதில் வரும்.

ஏலக்காய் விலையும் வாடகை அறையும்

சித்திரபுரத்திலும் ஆனச்சாலிலும் ஏன் இத்தனை வீடுகளில் ‘ஹோம்ஸ்டே’ பலகை தொங்குகிறது? காட்சி அழகு மட்டும் இதற்கு விடையாகாது. இங்குள்ள சிறு விவசாயியின் கையிருப்பைப் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு ஏக்கரில் ஏலம், மரத்தில் ஏற்றிய மிளகுக் கொடி, வேலியோரம் காப்பி. இதுதான் அவர் சொத்து. ஏலக்காய் விலை அவர் கையில் இல்லை. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. போடிநாயக்கனூர் வியாபாரிகள் அந்த ஆண்டை இன்னும் பேசுவார்கள். இரண்டே ஆண்டில் கிலோ ஆயிரத்துக்கும் கீழே விழுந்தது. 7,000 ரூபாய் விலையை நம்பி உரமும் மருந்தும் கடனுக்கு வாங்கியவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இந்த ஏற்ற இறக்கத்தில் குடும்பத்தைக் கரை சேர்ப்பது அந்த இரண்டு வாடகை அறைகள்தாம். பெரிய பையன் வேலைக்குக் கொச்சி போய்விட்டான், மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். காலியான அறைகளுக்கு ஒரு குளியலறை சேர்த்துக் கட்டி, வெள்ளையடித்து, கட்டில் போட்டால் மாதம் கொஞ்சம் பணம் வரும்.

அறைகளும் விலையில்லாமல் கிடந்த காலம் உண்டு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சாலைகள் அறுந்தன. பள்ளிவாசல் பக்கத்தில் பாறைகள் உருண்டு, ஒரு விடுதியில் சிக்கிய வெளிநாட்டவர் உள்ளிட்ட பயணிகளை ராணுவம் வந்து மீட்க வேண்டியதாயிற்று. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி பூத்த ஆண்டு அது. அந்தப் பருவத்தை நம்பிக் கடன் வாங்கி அறை கட்டியவர்கள் பலர். பூ பூத்தது, ஆள் வரவில்லை. அடுத்த ஆண்டும் மழை. அதற்கடுத்து கொரோனா. அவ்வளவையும் தாண்டி இன்னும் கதவு திறந்திருக்கிற வீடுகளுக்கு நாம் போகிறோம் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசும்போது குரல் கொஞ்சம் தாழும்.

அந்த அறை எப்படி இருக்கும்?

நான் தங்கிய வீடுகளில் சீசன் இல்லாத வார நாட்களில் இருவருக்கான அறைக்கு ஆயிரத்திலிருந்து ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் வாங்கினார்கள். சிறு பிள்ளைக்குத் தனி வாடகை கேட்டதில்லை. ஓணம், கிறிஸ்துமஸ், பூஜை விடுமுறைகளில் இது இரட்டிப்பாகும்.

அறையில் ஆடம்பரம் எதுவும் இருக்காது. சிமென்ட் தரையில் ஒட்டிய வினைல் விரிப்பு, கனத்த மரக் கட்டில், இரண்டு கம்பளி. மழைக்காலத்தில் கம்பளியில் ஈர வாடை லேசாக இருக்கும், வெயில் அடிக்கும் நாளில் எல்லாக் கம்பளியும் வாசல் கைப்பிடிச் சுவரில் காயும். மின்விசிறி சில வீடுகளில் இல்லவே இல்லை, தேவையும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் ஏலச் செடி. அதன் அடித்தண்டில், மண்ணையொட்டிப் படர்ந்த சரத்தில்தான் காய் பிடிக்கும் என்பதைப் பலர் முதன்முதலாக அங்கேதான் பார்க்கிறார்கள். என்னோடு வந்த ஒரு பள்ளி ஆசிரியை ஏலக்காய் மரத்தில் காய்ப்பது என்றுதான் அதுவரை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாராம். வீட்டுக்காரம்மா தழையை விலக்கிக் காட்ட, ஆசிரியை மண்டியிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

சாப்பாட்டு மேஜையில் ஜக்கில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் வைப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் ஏதோ சர்பத் என்று நினைப்பார்கள். பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சிய குடிநீர் அது. கேரள வீடுகளில் அன்றாடம் குடிப்பது. காலையில் புட்டும் கடலைக் கறியும், அல்லது அப்பமும் முட்டைக் கறியும். ராத்திரிக்குக் கப்பையும் மீன் கறியும் வேண்டுமென்றால் மத்தியானமே சொல்லிவிட வேண்டும், அடிமாலியிலிருந்து மீன் வர வேண்டும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சோறு, மோர்க்கறி, பயறுத் தோரன். தேங்காய் எண்ணெய் வாசனை பிடிக்காது என்று முன்கூட்டியே சொன்னால் அதற்கும் வழி செய்வார்கள்.

ஒரு டிசம்பர் காலை. எங்கள் குழுவில் இருந்த பெண் பிள்ளை குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “சேச்சி, தண்ணி ஐஸ் மாதிரி வருது” என்றாள். அடுக்களையிலிருந்து பதில் வந்தது: “பச்சவெள்ளத்துல குளிக்காதே மோளே. பத்து நிமிஷம் நில்லு, சூடுவெள்ளம் வரும்.” வந்தது குழாயில் இல்லை, விறகடுப்பில் காய்ச்சிய அண்டாவிலிருந்து வாளியில் வந்தது. கீசர் பழுது. அதற்காக மன்னிப்பும் கேட்கவில்லை, மறைக்கவும் இல்லை. எட்டுப் பேருக்கும் முறை வைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நட்சத்திர விடுதியில் இந்த அனுபவம் புகாராகியிருக்கும். இங்கே அந்தப் பிள்ளை ஊர் திரும்பிய பிறகும் சேச்சிக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறாள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சுவர் மெல்லியது, பக்கத்து அறையில் பேசுவது கேட்கும். மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வரும், மின்சாரத்தால் பிறந்த ஊரிலேயே இப்படி என்பது வருத்தம்தான். ஜூன் தொடங்கி செருப்புக்குள் அட்டை ஏறும், கால் விரலிடுக்கைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். இறக்கத்தில் இருக்கும் வீடுகளுக்குப் படி அதிகம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போகிறீர்கள் என்றால், அறையைக் கேட்பதற்கு முன் படியைக் கேளுங்கள்.

நூறு ரூபாய்ப் படுக்கை

தனி ஆளாகப் போகிறவர்களுக்கும் இளைஞர் கூட்டத்துக்கும் இன்னொரு வழி 2020 நவம்பரில் திறந்தது. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் ஓட்டத்துக்கு ஆகாத பழைய பேருந்துகளின் இருக்கைகளை எடுத்துவிட்டு, பெர்த் அடுக்கி, மூணாறு டிப்போவிலேயே நிறுத்தித் தங்கும் இடமாக்கியது. ஒரு பேருந்தில் 16 படுக்கை. தொடக்கத்தில் ஓர் இரவுக்கு 100 ரூபாய். கழிப்பறைக்கு டிப்போவில் உள்ளதைப் பயன்படுத்த வேண்டும். பிறகு வாடகை ஏறியது. இருந்தாலும் அந்த யோசனையின் மதிப்பு எனக்குக் குறையவில்லை. கொரோனா நஷ்டத்தில் தள்ளாடிய ஓர் அரசு நிறுவனம், தன் ஓட்டை பஸ்ஸை விற்றுக் கைகழுவாமல், நடுராத்திரியில் வந்து இறங்கும் ஒரு மாணவனுக்குக் கூரையாக்கியது. நம் உதகைப் பேருந்து நிலையத்திலும் கொடைக்கானலிலும் இப்படி நாலு பஸ் நின்றால் எத்தனை பேருக்கு உதவும்!

பொதுப்பணித் துறையின் ரெஸ்ட் ஹவுஸ்களையும் சொல்ல வேண்டும். முன்பு அதிகாரிகளும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் மட்டும் தங்கிய இடங்கள். 2021 நவம்பர் 1 முதல் கேரள அரசு அவற்றை இணையம் வழியாகப் பொதுமக்கள் யாரும் பதிவு செய்துகொள்ளலாம் என்று திறந்துவிட்டது. மூணாறு ரெஸ்ட் ஹவுஸும் அதில் உண்டு. பருவ காலத்தில் கிடைப்பது அரிது, முயன்று பார்ப்பதில் தப்பில்லை.

வீட்டுக்காரர் இல்லாத வீடு

இப்போது கவலைக்குரிய பக்கம். சித்திரபுரத்தில் பலகை மாட்டிய எல்லா வீட்டிலும் வீட்டுக்காரர் இல்லை. வீட்டையே மொத்தமாக லீஸுக்கு எடுத்து, சம்பளத்துக்கு ஒரு பையனை வைத்து, போன் ஆப் மூலம் அறைகளை நிரப்புகிற ஏற்பாடு பரவிவிட்டது. உரிமையாளர் எங்கோ இருப்பார். லீஸ்காரருக்கு மாதம் இவ்வளவு எடுத்தே ஆக வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமை ஆனால் வாடகை எகிறும், கதவுக்குக் கதவு கட்டில் நெருக்கும், கழிவுநீர் பக்கத்துத் தோட்டத்தில் வழியும். அக்கம்பக்கத்தில் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? யாருக்கும் இல்லை.

இது நம் மலையில் மட்டும் நடப்பதில்லை. மத்தியதரைக் கடல் துறைமுக நகரங்களில் ஒரு காலத்தில் கடலோரத்து மலிவு விடுதி என்றாலே ஒரு குடும்பம் நடத்தும் விடுதிதான். கீழே சாப்பாட்டுக்கூடம், மேலே நாலைந்து அறை, சாவியை வைத்திருப்பவர் வீட்டுப் பாட்டி. அந்த இடத்தைக் குடியிருப்பவர் இல்லாத வாடகை ஃபிளாட்டுகள் பிடித்துக்கொண்டன. பார்சிலோனாவில் சொந்த ஊர்க்காரர்களுக்கே வாடகைக்கு வீடு கிடைக்காமல் போய், 2024 கோடையில் ஊர்வலம் போனவர்கள் பயணிகள்மேல் விளையாட்டுத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சும் அளவுக்குக் கோபம் முற்றியது. அந்த நகர மேயர், 2028 நவம்பருக்குள் சுற்றுலா ஃபிளாட்டுகளின் 10,101 உரிமங்களையும் புதுப்பிக்காமல் முடித்துவிடப் போவதாக அறிவித்திருக்கிறார். வெனிஸில் பகல்நேரப் பயணிகளிடம் 2024 முதல் குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். அங்கே கட்டுப்பாடு வந்தபோது ஊர் ஏற்கெனவே கைநழுவிப் போயிருந்தது. சித்திரபுரம் இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை.

சட்டப்படி ஹோம்ஸ்டே என்றால் என்ன என்பதில் குழப்பம் இல்லை. மத்திய சுற்றுலாத் துறையின் ‘பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்’ திட்டத்தில் உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும், வாடகைக்கு விடும் அறைகள் ஆறுக்கு மேல் போகக் கூடாது. கேரள சுற்றுலாத் துறை தன் பங்குக்கு டயமண்ட், கோல்டு, சில்வர் என்று தரம் பிரித்துச் சான்றிதழ் தருகிறது. பலகையில் ஹோம்ஸ்டே என்று எழுதிவிட்டு இருபது அறை நடத்தினால் அது லாட்ஜ். லாட்ஜில் தங்குவது குற்றமில்லை. ஆனால் பெயர் ஒன்றும் ஆள் ஒன்றுமாக இருக்கக் கூடாது.

போனில் பேசும்போதே கண்டுபிடித்துவிடலாம். “நீங்க அந்த வீட்லதான் குடியிருக்கீங்களா?” என்று நேராகக் கேளுங்கள். குடியிருப்பவர் உடனே வீட்டுக் கதை சொல்லத் தொடங்குவார். குடியிராதவர் “எல்லா வசதியும் இருக்கு சார்” என்பார். ஆப்பில் பார்த்த வீட்டுக்கு அடுத்த முறை நேரடியாகப் பேசிப் போனால் கமிஷன் இரண்டு பக்கமும் மிச்சம். வரியைப் பற்றியும் பலருக்குச் சந்தேகம் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த அறைகளுக்கு இருந்த ஜிஎஸ்டி விலக்கு 2022 ஜூலையில் போய், 12 சதவீதம் விழுந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு அது 5 சதவீதமாகக் குறைந்தது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தொடாத சிறு வீட்டுக்காரர் நேரடியாக அறை கொடுத்தால் ஜிஎஸ்டி பதிவே கட்டாயமில்லை.

சரிவும் லயமும்

அறை கேட்கும் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: வீட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? ஜன்னல் பக்கத்துப் பள்ளத்தாக்கை எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். பின்பக்கம் மண் வெட்டி நிறுத்திய செங்குத்துச் சுவரா, அதற்கு மேலே இன்னொரு கட்டடமா, மழைத்தண்ணீர் போக ஓடை இருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பவர் இல்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தங்குகிறவர்கள் அதைப் பார்த்தே ஆக வேண்டும். 1924 ஜூலை வெள்ளம் மூணாறில் அப்போது ஓடிய ரயிலையே அடித்துக்கொண்டு போனது. மலையாள ஆண்டு 1099 என்பதால் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று இன்றும் பேசுகிறார்கள். ஆலுவாவுக்குப் போன பழைய சாலை அதோடு அழிந்து, நேரியமங்கலம் பாலத்தோடு இன்றைய வழி திறக்க 1935 ஆனது. மலைக்கு எது தாங்கும் என்பது புதிய பாடம் இல்லை. 2007இல் அரசு புல்டோசரோடு வந்து மூணாறில் ஆக்கிரமிப்பு ரிசார்ட்டுகளை இடித்தது. 2010இல் உயர் நீதிமன்றம், பள்ளிவாசல் உள்ளிட்ட எட்டு வில்லேஜ்களில் வருவாய்த் துறையின் தடையில்லாச் சான்று இல்லாமல் கட்டடம் எழுப்பக் கூடாது என்றது. அதற்குப் பிறகும் சரிவில் ஜேசிபி ஓடுகிற சத்தம் ஓயவில்லை. பழைய ஓட்டு வீட்டில் தங்கச் சொல்வதற்கு இதுவும் எனக்கு ஒரு காரணம். அறுபது எழுபது மழையைப் பார்த்து நின்ற வீடு அது.

மலையிலேயே மிகக் குறைந்த இடத்தில் வாழ்பவர்கள் நம்மைப் போன்ற பயணிகள் இல்லை. லயத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து அறைகளில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் நடத்துகிறார்கள். வேலை ஓய்ந்தால் அந்த அறையும் அவர்களுக்கு இல்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 பேர் போனார்கள். அவர்களில் பலருக்குப் பூர்விகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு பக்கம். அதற்கு ஐந்து ஆண்டு முன்னால், 2015 செப்டம்பரில், ‘பெம்பிளை ஒருமை’ என்று பெண்கள் திரண்டு மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டு 20 சதவீத போனஸைக் கேட்டு வாங்கினார்கள். அன்று அவர்கள் நாள் கூலி 232 ரூபாய். நாம் மலிவு என்று சொல்கிற ஆயிரம் ரூபாய் அறை, அந்தக் கூலியில் நாலு நாளுக்கும் மேல். டவுனில் அக்காமார் நடத்தும் மெஸ்ஸில் சாப்பிடுங்கள், லயத்துப் பிள்ளைகள் ஓட்டும் ஜீப்பில் போங்கள். தேயிலைக்கு நடுவே நின்று படம் எடுக்கும்போது, கொழுந்து எடுப்பவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

டிரைவர் எங்கே படுப்பார்?

எனக்கு இந்த விஷயத்தில் மிகுந்த ஆதங்கம் உண்டு. குடும்பம் அறைக்குள் கம்பளி போர்த்திப் படுக்கும்போது, வளைவு வளைவாக வண்டி ஓட்டிக் கொண்டுவந்து சேர்த்தவர் டெம்போவின் சீட்டைச் சாய்த்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படுக்கிறார். டிசம்பர், ஜனவரியில் மூணாறு குளிர் பூஜ்யத்தைத் தொடும். காலையில் முகம் கழுவக்கூட இடம் கிடைக்காமல் டீக்கடைப் பின்புறம் போகிறார். மறுநாள் அதே கையில்தான் போடிமெட்டு இறக்கத்தில் நம் பிள்ளைகளின் உயிர்.

தமிழ்நாடு அரசு 2023இல் கட்டட விதிகளைத் திருத்தி, ஹோட்டல்களும் லாட்ஜுகளும் ஓட்டுநர்களுக்குப் படுக்கையும் குளியலறையும் கொண்ட தங்குமிடம் தர வேண்டும் என்றது. நல்ல விதி. அது கேரள எல்லைக்குள் செல்லாது. ஆனால் சித்திரபுரத்து வீடுகளில் நான் பார்த்த வழக்கம் விதிக்காகக் காத்திருக்கவில்லை. டிரைவர் வந்தால் திண்ணையை ஒட்டிய சிறு அறையில் ஒரு கட்டில், ஒரு கம்பளி, குழுவோடு சேர்த்து ஒரு இலை. சில வீடுகளில் இருநூறு முந்நூறு ரூபாய் வாங்குகிறார்கள், பல வீடுகளில் வாங்குவதில்லை. டவுனில் பெரிய விடுதிகள் பலவற்றில் பணம் கொடுத்தாலும் அந்தக் கட்டில் கிடைக்காது. அறை பேசும்போது தலைக்கணக்கில் டிரைவரையும் சேர்த்துச் சொல்லுங்கள். “நாங்க எட்டுப் பேர், டிரைவரோட ஒன்பது.” இந்த ஒரு வாக்கியத்துக்கு வீட்டுக்காரர் என்ன பதில் சொல்கிறார் என்பதை வைத்தே அங்கே தங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்துவிடலாம்.

கிளம்புவதற்கு முன் இன்னொன்று. கேரள உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 அக்டோபர் 2 முதல் மூணாறு உள்ளிட்ட மலைச் சுற்றுலாத் தலங்களில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. ஐந்து லிட்டருக்குக் குறைந்த தண்ணீர்ப் பாட்டில்களும் அதில் அடங்கும். வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள். தங்கும் வீட்டில் பதிமுகத் தண்ணீர் நிரப்பிக் கொடுப்பார்கள்.

நீலக்குறிஞ்சி இனி 2030இல் பூக்கும். அந்த ஆகஸ்ட், செப்டம்பரில் மலைக்கு வரப்போகும் கூட்டத்துக்கு இப்போதே லீஸ் பேசத் தொடங்குவார்கள். அதற்குள் பள்ளிவாசல் பஞ்சாயத்தும் சுற்றுலாத் துறையும் செய்யக்கூடிய காரியங்கள் இருக்கின்றன. வீட்டுக்காரர் குடியிருக்கும் வீடுகளை மட்டும் தனிப் பட்டியலாக்கி, அறை எண்ணிக்கையோடும் சீசன் வாடகையோடும் வெளியிடலாம். தமிழிலும் வெளியிடலாம், வருகிறவர்களில் எத்தனை பேர் தமிழர்கள் என்று அவர்களுக்கே தெரியும். பின்சரிவு பார்த்துச் சான்று கொடுத்த வீட்டுக்கு அதைப் பலகையில் குறிக்கச் சொல்லலாம். ஓட்டுநர் கட்டில் உண்டா என்பதற்கும் ஒரு வரி ஒதுக்கலாம். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் இதே பட்டியலைத் தமிழ்நாடு சுற்றுலாத் துறையும் போடலாம்.